நுரை இறுகும் வரை

சல்மாபாத், வெள்ளிக்கிழமை மதியம்.
ஷட்டரைப் பாதி இறக்கிய கராஜில்
கறுப்புக் குப்பைப் பை ஒன்றின்மேல்
என்னை உட்கார வைத்திருக்கிறார்கள்.
பைக்குள் இரண்டு ரசாயனம் கலந்து
பொங்கிக்கொண்டிருக்கிறது.
பதினைந்து நிமிடம் அசையாதே, என்றான் பெலவேந்திரன்.
மூச்சு விடலாமா, என்றேன்.
அளவாக, என்றான்.

கார் பாதி அவனுடையது, பாதி என்னுடையது.
பழைய சிவிக். ஏசி பிடுங்கியாயிற்று,
பவர் ஸ்டீயரிங்கும் போயிற்று,
பின்சீட் இருந்த இடத்தில் வெறும் தகரம்.
மாதம் ஒரு வெள்ளி சாகிர் ஓடுதளத்தில்
அவனுக்கு இருபது நிமிடம், எனக்கு இருபது.
அவன் இடுப்புக்குப் பொருந்திய சீட்டில்
முதல் வளைவிலேயே நான்
டின்னில் மிஞ்சிய கடைசி முறுக்கு.

சீட் நம்மைப் பிடிக்காவிட்டால்
நாம் ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தொங்குவோம்.
தொங்குகிற கை திருப்பாது.

மூன்று வாரம் அலைந்தோம்.
சித்ராவில் ஒருவரிடம் இத்தாலிய சீட், கார்பன்,
இரண்டு விரலால் தூக்கலாம், பாதி விலை.
நான் இன்சூரன்ஸ் சர்வேயர்.
நசுங்கியதற்கு விலை போட்டுச் சாப்பிடுகிறவள்.
பெல்ட் நுழையும் துளையோரமாக
நூறு ஃபில்ஸ் காசால் தட்டிக்கொண்டே போனேன்.
டிங், டிங், டிங்,
தொப்.
பெயிண்ட்தான் மேடம், என்றார்.
பெயிண்ட் தொப்பென்று சொல்லாது.
வெறுங்கையோடு திரும்பும்போது
பெலவேந்திரன் பாலம் தாண்டும்வரை பேசவில்லை.

ஆக, அவன் அளவுக்குக் கண்ணாடியிழையில் ஒரு சீட்,
அதற்குள் என் அளவுக்கு இந்த நுரை.
என் முறைக்கு வைப்பது, அவன் முறைக்கு எடுப்பது.

நுரை சுடும் என்று
யாரும் சொல்லவில்லை.
தண்டுவடத்தின் இரு ஓரமும் வெதுவெதுப்பாய் ஏறி
விலா எலும்புகளை எண்ணிப் பார்க்கிறது.
கல்யாண ப்ளவுஸ் தைத்த டெய்லர்கூட
இவ்வளவு கேட்டதில்லை.

கை மட்டும் அசைக்கலாம்.
அதனால் அவன் ஸ்டீயரிங்குகளை ஒவ்வொன்றாய் நீட்டுகிறான்.
ஸ்வேட் சுற்றியது, படத்தில் அழகி.
ஏப்ரலிலேயே இரண்டு பேர் வியர்வை குடித்து
வழுக்கை விழுந்துவிடும்.
அடுத்தது முந்நூற்றிருபது மில்லி.
பொம்மைக் கடைக்குத் திருப்பிக் கொடு,
தோள்பட்டை எனக்கு இன்னும் வேண்டும்.
கடைசியில் முந்நூற்றைம்பது, சாதாரணத் தோல்,
உச்சியில் மட்டும் மஞ்சள் தையல்.
கார் சுழன்று நின்ற பிறகு
சக்கரம் எந்தப் பக்கம் பார்க்கிறதென்று
அந்த மஞ்சள்தான் சொல்லும்.
இது, என்றேன், முதுகை அசைக்காமல்.

கழற்றிய பழைய ஸ்டீயரிங் பெஞ்சில் இருக்கிறது,
ஏர்பேக்கோடு, முகம் மேலே பார்க்க.
கவிழ்த்து வைத்தால், வெடிக்கும்போது
கூரைக்கு எம்பும்.
வெடித்த பைகள் எத்தனையோ படமெடுத்திருக்கிறேன்.
வெள்ளைத் தூள், மூக்குக் கண்ணாடித் துண்டு,
ஒன்றில் ஒட்டுப்பொட்டு, அப்படியே, நடுவில்.
பொட்டின் சொந்தக்காரி நடந்து வந்து
என் மேஜையில் கையெழுத்துப் போட்டுப் போனாள்.
இதைக் கழற்றச் சொன்னதும் நான்தான்.
ஆறு முனைப் பெல்ட் இருக்கிறது, ஹெல்மெட் இருக்கிறது,
என்று சர்வேயரிடம் சர்வேயர் வாதாடி
ஒருவழியாக ஜெயித்தேன்.
வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

நேரம் முடிந்தது. கைகொடுத்துத் தூக்கினான்.
பையை உரித்தால்
என் முதுகு, என்னை விட்டுத் தனியாக.
வலப்பக்கம் ஆழம், இடப்பக்கம் மேடு.
உனக்கு இடுப்பு கோணல், தெரியுமா, என்றான்.
நாற்பத்தொரு வருஷம் கண்ணாடி சொல்லவில்லை,
டாக்டர் சொல்லவில்லை, கட்டினவர் சொல்லவில்லை.
கத்தியை எடுத்துக்கொண்டு வந்தான்,
சீவிச் சமன் பண்ணட்டுமா?

விடுடா.
நேராக உட்கார்ந்தா ஓட்டப்போகிறேன்?

சில்வர் டேப் சுற்றினோம்.
மார்க்கரால் பெயர் எழுதினான்: அங்கையர்கண்ணி.
இரண்டு பிழை. டேப் தீர்ந்துவிட்டது.
ஹார்ன் பொத்தானை எங்கே வைப்பதென்று
இன்னும் முடிவாகவில்லை.